கழற்றாத பூட்ஸ்

நேபாள மலைப் பனியில் கறுத்துப்போன கால்விரல்களோடு பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். மலையேறப் போவதை மறைத்து, டெல்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போவதாக மனைவியிடம் பொய் சொல்லியிருந்தேன். ரயிலில் நான்கு நாளும் பூட்ஸைக் கழற்றவில்லை. நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் அவள் கால் கழுவத் தண்ணீரோடு நிற்பாளே என்பதுதான் என் ஒரே பயம்.

ஸ்டேஷனில் பிடித்த ஜட்கா வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சாமி, பூட்ஸுக்குள்ள என்ன? நாத்தம் வருதே."

"சேறு. நீ வண்டியை ஓட்டு."

"சேறு இல்ல சாமி. போன வருசம் என் பழைய குதிரைக்குக் குளம்பு அழுகுனப்போ இதே நாத்தம்தான். சும்மா விட்டேன், செத்தேபோச்சு."

நீலசந்திராவுக்குத் திரும்பாமல் வண்டி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. கத்தினேன், குதித்துவிடுவேன் என்று மிரட்டினேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும்" என்றார் டாக்டர். இரண்டு விரல்களோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அழுதாள், திட்டினாள், மன்னித்தும் விட்டாள்.

வண்டிக்காரரைத்தான் பிறகு எத்தனையோ நாள் ஸ்டேஷனில் தேடியும் காணவில்லை. அன்று தோள் கொடுத்து என்னை இறக்கிவிட்டவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "யாரைக் கேட்டு வண்டியை இங்கே கொண்டுவந்தே?"