பன்னிரண்டு ராஜாமணிகள்

மாதா கோயில் பாடகர் குழுவில் ராஜாமணி பதினெட்டு வருஷமாக வயலின் வாசிக்கிறாள். பதினெட்டு வருஷமும் ஒரே பழக்கம்: தன் சத்தம் தன் காதுக்குத் தனியாகக் கேட்டுவிட்டால் உடனே கையைத் தளர்த்திவிடுவாள். யார் சுருதி விலகினாலும் அவளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. அங்கேயும் அவள் வாயைத் திறக்கவைப்பது கஷ்டம்.

தம்பி மகள் அனுப்பிரியா நேர் எதிர். லேப்டாப்பில் தாளம் கோத்து பீட் போடுகிற பெண். சிதம்பரத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயமானதும், மண்டபத்துக்குள் நுழையும்போது தான் செய்த பாட்டுதான் ஒலிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பீட் தயாராகிவிட்டது. அதற்குமேல் பெரிய வயலின் கூட்டம் ஒன்று எழும்ப வேண்டும்.

“கம்ப்யூட்டர்லயே வயலின் இருக்குதாமே?” என்றாள் ராஜாமணி.

“அது பிளாஸ்டிக் பூ அத்தை. எனக்கு நீ வேணும்.”

“நான் ஒருத்திதானடி?”

“பன்னெண்டு வாட்டி வாசி. ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டா பன்னெண்டு பேரு.”

கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. முடியாவிட்டால் மண்டபக்காரர் போடுகிற சினிமாப் பாட்டுதான்.

ஒலிப்பதிவுக்காக அனுப்பிரியாவின் அறையில் பீரோவைத் திறந்து வைத்தார்கள். தொங்குகிற புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். வேறுவேறு ஆள் வாசிப்பதுபோல் கேட்க, ஒவ்வொரு தடவையும் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டு, முன்பு வாசித்ததை ஹெட்போனில் கேட்டபடியே ராஜாமணி அடுத்ததை வாசித்தாள். பன்னிரண்டும் முடிந்ததும் அனுப்பிரியா போட்டுக் காட்டினாள். பீட்டுக்கு நடுவே ஏதோ கொசு ரீங்கரித்தது.

அனுப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா அத்தை, பன்னெண்டு பேரும் ஒருத்தர் முதுவுக்குப் பின்னால ஒருத்தர் ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீங்க!”

உண்மைதான். கூட்டத்தில் கரைந்தே பழகியவள், தன்னோடேயே கரைந்திருந்தாள்.

“ஹெட்போன்ல பீட்டை மட்டும் வெக்கறேன். நல்லா இழு. கம்பி அறுந்தா அறுவட்டும்.”

மறுபடியும் முதலிலிருந்து. தன் சத்தம் கேட்டதும் வில் தயங்கியது. ஆனால் பீட் யாருக்காகவும் நிற்கவில்லை. அதைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. ஓடுகிற அவசரத்தில் வெட்கம் பின்தங்கிவிட்டது. ஐந்தாவது தடவை அனுப்பிரியாவின் அம்மா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். “யாருடி வந்திருக்கறது?”

கல்யாணத்தன்று பீட் அதிர, அதன்மேல் வயலின்கள் ஒன்றாக எழும்பியபோது பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். அனுப்பிரியா ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள். பக்கத்து நாற்காலியில் பாடகர் குழுத் தலைவர் ஆரோக்கியராஜ் குனிந்து கேட்டார்: “மெட்ராஸ்லேர்ந்தா ஆளு கூட்டியாந்தீங்க? எத்தினி பேரு?”

ராஜாமணி அவர் பக்கம் திரும்பினாள்.

“பன்னெண்டு பேரு அண்ணே. எல்லாம் நான்தான்.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “அடிப்பாவி! இத்தினி வருஷமா இத்த எங்க ஒளிச்சி வெச்சிருந்த? வர்ற ஞாயித்துக்கெழம பூசைக்கு வா, உன்ன அங்க கவனிச்சிக்கறேன்.”

ராஜாமணி சத்தமாகச் சிரித்தாள்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு, பூசை முடிந்ததும் அவள் வயலின் பெட்டியோடு சிதம்பரம் பஸ் ஏறுகிறாள். அனுப்பிரியா வீட்டில் இதுவரை மூன்று பாட்டு முடித்திருக்கிறார்கள். நான்காவது பாதியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவாள்.