லாயாங் லாயாங்கில் எந்த லைன்?

போன சனிக்கிழமை நான் லாயாங் லாயாங் என்ற ரயில் நிலைய ஊர்ப் பக்கம் போனதற்குக் காரணம் என் அக்கா மகள் மாலதி. அங்கே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். காலை பத்து மணிக்கு இணையத்தில் கதை சொல்லும் போட்டி. மூன்றாம் ஆண்டு மாணவி தர்ஷினி பேச வேண்டும். பள்ளி டேப்லெட்டோ, சார்ஜ் கம்பியைப் பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். “மாமா, உங்க பவர் பேங்க் கொண்டாந்துருங்க லா,” என்றாள்.

ஏழு மணிக்குப் பொந்தியானில் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பெட்ரோல் ஆறு வெள்ளி, தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாயும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயும் நாலு வெள்ளி. (பருப்புக் கறி கேட்டு வாங்குங்கள், மீன் கறி வெறும் தண்ணீர்.) அதைக் கடைக்காரரிடம் சொல்லப்போய் அரை மணி ஓடிவிட்டது. பேசாமல் போவதெல்லாம் ஒரு பயணமா?

ஒன்பது இருபதுக்குப் பள்ளி வாசல் பூட்டியிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. ரோட்டோரம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அடுக்கிக்கொண்டிருந்தவர், “டீச்சர் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு லைனுக்குப் போயிட்டாங்களே,” என்றார்.

ரயில் ஊர் அல்லவா? தண்டவாளத்துக்கு ஓடினேன். அங்கே ஓர் உடும்புதான் நின்றது. திரும்பி வந்தால் மணி ஒன்பது நாற்பத்தைந்து.

“அலமாக், அண்ணே! ரயில் லைனா? போன் லைனு! தண்ணி டாங்கி மேட்டுக்குப் போங்க, ரெண்டு கிலோமீட்டர்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் குலை அடுக்கியவர்.

போய்ச் சேர்ந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். டேப்லெட்டில் மூன்று சதவீதம். பவர் பேங்கை அதன் முதுகில் ரப்பர் வளையத்தால் கட்டினோம். மாலதி பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஒரு சாண் இறக்கினால் நடுவர் முகம் உறைந்துவிடும். நாலு பிள்ளைகள் நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

தர்ஷினி அண்ணாந்து பார்த்துக்கொண்டே, வானத்தை விழுங்கப் போன தவளையின் கதையைச் சொன்னாள். அப்பாடா, என்ன குரல்! காற்றே நின்று கேட்டது போல இருந்தது. நடுவில் நடுவர், “ஏம்மா, மேலயே பாக்குற?” என்று கேட்டார்.

“லைன் மேலதான் டீச்சர் இருக்கு. நாங்க கீழ எறக்கினா நீங்க போயிருவீங்க.”

நடுவர் கையசைத்துத் தொடரச் சொன்னார். மாலதியின் கைகள் இறங்கவில்லை. கதை முடிந்தது.

போட்டி முடிவு இன்னும் வரவில்லை. கோயில் கோபுரத்தைக்கூட இப்படி அண்ணாந்து பார்த்தவர்களை நான் கண்டதில்லை. நீங்கள் போவதானால் பவர் பேங்கை முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள். யாராவது “லைன்” என்றால் எந்த லைன் என்று கேளுங்கள். முடிந்தால் உறுதியான நாற்காலி ஒன்றும் கொண்டுபோங்கள். மாலதி ஏறிய நாற்காலியின் ஒரு கால் விரிசல் விட்டிருக்கிறது.