என் முதுகில் சாய்ந்தவர்

என் கையெழுத்து மோசம். நாலாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவன், அதனால் எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். ஆனால் நடந்ததைச் சொல்வதில் பிழை இல்லை. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

பேய், ஆவி என்பதையெல்லாம் நான் நம்பினவன் இல்லை. எங்கள் வீடு அய்யாவழி வீடு. பேய்க்குப் பயந்து கோழி அறுப்பதோ, மந்திரவாதியிடம் கயிறு கட்டிக்கொள்வதோ எங்களுக்குக் கிடையாது. வாழைக்குலை சுமந்துகொண்டு சுடுகாட்டை ஒட்டித்தான் சந்தைக்குப் போவேன், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை. மனிதர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். நாலு பேர் சேர்ந்து நின்றால் வாயில் வார்த்தை வராது, கூச்ச சுபாவம்.

அஞ்சாறு வருஷம் முன்னால் ஆடிச் சாரலில் நனைந்து அம்மைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. பேச்சு குழறியது, ஆளும் தெரியவில்லை. நான் ஒருத்தனாக வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தேன். டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, வயசான ஆளுக்கு இது சட்டென்று முற்றிவிடும், பென்சிலின் ஊசி போடுகிறோம், ரெண்டு மூணு நாளில் காய்ச்சல் இறங்கினால் நடத்தியே வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ஆனால் படுக்க மட்டும் விடக்கூடாது, படுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்றார். நர்ஸம்மா ஒரு நாற்காலியைக் கட்டில்மேல் கவிழ்த்து, அதில் தலையணை சாய்த்து, அம்மையை நிமிர்த்தி உட்காரவைத்தார். வேறு இடம் இல்லாததால் கட்டிலை ஹாலுக்கு நடுவில்தான் போட்டிருந்தார்கள். சாய்ந்துகொள்ளச் சுவரும் கிடையாது, தலைமாட்டில் சட்டமும் கிடையாது.

மறுநாள் மத்தியானம் அம்மையை வீட்டுக்குக் கொண்டுபோக அண்ணன் காளைவண்டியோடு வந்தான், கூட சித்தப்பா மகன் ஒருவனும். எங்கள் வழக்கத்தில் இறந்தவரை எரிப்பதில்லை. சம்மணம் போட்டு, வடக்கே பார்த்து உட்காரவைத்து அடக்குவோம். அப்பாவையும் அப்படித்தான் வைத்தோம். அம்மைக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போய், வீடு போய்ச் சேருமுன் உடம்பு விறைத்துவிட்டால் உட்காரவைக்க முடியாது. அண்ணனுடைய பயம் அதுதான். அப்பாவுக்குப் பக்கத்தில் குழிக்கு இடம்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அம்மை கண்ணை மூடி, காலை மடக்கி, நிமிர்ந்து இருக்கிறாள். கட்டில் கிடந்த வாக்கில் முகமும் வடக்கே.

"லேய், உயிரோட இருக்கப்பட்ட அம்மைய இப்பிடியாலே இருத்துவ? ஒனக்குக் கிறுக்கா?"

டாக்டர் சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியை உருவிவிட்டு அம்மையைப் படுக்கவைத்துவிட்டான். நம்பினால் நம்புங்கள், அம்மையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்துப்போயிற்று. தொண்டையில் கொரகொரவென்று சத்தம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அண்ணனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, கட்டிலில் ஏறி அம்மையைத் தூக்கி என் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கொண்டு போணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க."

"ஊமையன் வாயத் தொறந்துட்டான் பாத்தியா," என்றான் சித்தப்பா மகன்.

அண்ணன் அழுதான். "வழியில வெறைச்சுப் போனா அப்பாக்கப் பக்கத்துல எப்பிடிலே இருத்துவேன்?"

"செத்த பொறவு உள்ளத செத்த பொறவு பேசுவோம் அண்ணே. இப்ப வெளிய போ."

இரண்டு பேரும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். சும்மா இல்லை, நான் களைத்துப் போகட்டும் என்று காத்திருந்தார்கள். கொஞ்சம் அசைந்தாலும் அம்மைக்கு இருமல் வந்து மூச்சு முட்டுகிறது, நாற்காலியை எட்டி எடுக்கவும் வழியில்லை. சுமை தூக்கிப் பழகிய உடம்புதான், ஆனாலும் பின்னால் ஒரு பிடிமானமும் இல்லாமல் அப்படி இருந்து பாருங்கள், இடுப்பு விண்டுபோகும். ஒரு கட்டத்தில் கண் இருட்டி, இனி முடியாது, பின்னால் விழுந்துவிடுவேன் என்று ஆனபோது என் முதுகில் இன்னொரு முதுகு வந்து சேர்ந்தது.

சூடான முதுகு. எலும்பும் தோலுமான, வயசானவருடைய முதுகு. தண்டெலும்பின் முடிச்சு முடிச்சாக எனக்குத் தெரிந்தது. இருந்த களைப்பில், அண்ணன்தான் மனம் இளகி வந்து உட்கார்ந்தான் என்று நினைத்து, என் பாரத்தையும் அம்மையின் பாரத்தையும் சேர்த்து அதில் சாய்த்தேன். கல் மாதிரி நின்றது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்வரை அப்படியே இருந்தோம்.

ஊசி போட வந்த நர்ஸம்மா வாசலிலேயே நின்று, "ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம். பின்னால இருக்கிற பெரியவர எறங்கச் சொல்லுங்க" என்றார்.

நான் திரும்பினேன். முதுகில் ஒன்றும் இல்லாமல் போய், அம்மையோடு சரிந்தேன். நர்ஸம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கட்டிலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் வராந்தாவில் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நர்ஸம்மா சொன்னார், வாசலுக்கு முகம் காட்டி, தெற்கே பார்த்து, சம்மணம் போட்டு ஒரு நரைத்த பெரியவர் இருந்தார், தட்டில் ஊசியைச் சரிபார்க்கக் கண்ணைத் தாழ்த்தினேன், நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை என்று. அம்மைக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, காய்ச்சல் விட்டிருந்தது. என் சட்டையும் பிழிகிற ஈரம். முதுகுப்பக்கம் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அம்மை நடந்தே வண்டி ஏறினாள். ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு. உங்க அப்பா அவளைக் கூப்பிட வந்திருக்கிறார், இனி அதிக நாள் இருக்கமாட்டாள் என்றார்கள். நான் விடவில்லை. கூப்பிட வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தல்லவா உட்காருவார்? எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எமன் வருகிற தெற்குத் திசையை மறித்து எதற்கு உட்காரவேண்டும் என்று சாயாக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். நானா பேசினேன் என்று வாயைப் பிளந்தார்கள். சொன்னவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மை இருக்கிறாள். வாங்கிவந்த சாளை மீன் கெட்டது என்று இன்று காலையும் என்னை ஏசினாள்.

அது என் அப்பாதான் என்று இப்போதும் எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன். ஒன்றை மட்டும் அண்ணனிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அம்மையின் மூச்சு என் நெஞ்சில் ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது, என்னுடைய மூச்சும் தெரிந்தது. என் முதுகைத் தாங்கிய அந்த முதுகில் சூடு இருந்தது, எலும்பு இருந்தது. அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட அது மூச்சு விடவில்லை.

கொல்லம் ஆண்டு 1131, பங்குனி மாதம் 4.