இடுப்பில் குடத்தோடு ஒரு பாட்டு

யூனிஸை யாராவது பாடகி என்று அறிமுகம் செய்தால், "எழுதுறதும் நான்தான்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொள்வார். நாற்பத்தோரு வயது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டரை மணி நேரம் ஆகும். அவருடைய பாட்டுகளில் பாதிக்கு மேல் அந்த பஸ்ஸில்தான் பிறந்தன. மெட்டு தோன்றியதும் துப்பட்டாவை வாயருகே இழுத்துக்கொண்டு போனில் முனகிப் பதிவு செய்துகொள்வார். அவர் யாரிடமோ ரகசியம் பேசுகிறார் என்றே பக்கத்து இருக்கைக்காரர்கள் பல வருடம் நினைத்திருந்தார்கள்.

முதல் பாட்டு பதினைந்து வயதில். டிசம்பர் மாதம் யூனிஸ் இருந்த சபைப் பாடகர் குழு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும். ஒரே மாலையில் முப்பது வீடு. முப்பதிலும் அதே நான்கு பாட்டு. இருபதாவது வீட்டில் சலிப்புத் தாங்காமல், தானே கட்டி வைத்திருந்த ஒன்றை ஐந்தாவதாகத் தொடங்கிவிட்டார். மற்றவர்கள் திகைத்து நின்று, பிறகு எப்படியோ கூடச் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் கேக் தட்டை நீட்டியபடி, "இது எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"புது புக் அங்கிள்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அவர் யூனிஸின் அப்பாவிடமே போய் விசாரித்தார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் யூனிஸ் பாடுவதை விடவில்லை, கூடவே ஒரு கிட்டார். கல்லூரி விழாக்கள், பள்ளிக்கரணை அடுக்ககங்களின் ஆண்டு விழாக்கள் எல்லாம் அவருடைய மேடைகள். தெருவெல்லாம் குடம் வரிசை கட்டியிருந்த ஒரு கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். 'வருது வருதுன்னு நிக்கிறோம், வந்தா மட்டும் ஓடுறோம்' என்று வரும். 'ஓடுறோம்' என்பதில் அந்த 'ஓ'வை ஒரே மூச்சில் பதினாறு எண்ணிக்கை வரை பிடிப்பார். அந்த இடத்துக்காகவே பாட்டு போனுக்குப் போன் பரவியது. முகம் தெரியாதவர்களும் "அந்த 'ஓ' அக்காதானே நீங்க?" என்று கேட்டார்கள்.

சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பாட்டு எழுதியபோதுதான் அவருக்கு இசை நாடகத்தில் ஆசை வந்தது. ஒருவர் பாடி முடிக்கும் இடத்தில் இன்னொருவர் கோபமாகத் தொடங்கலாம் என்பது பிடித்துப்போனது. நான்கு வருடங்களில் மூன்று நாடகங்கள் எழுதினார். நான்காவது, அந்தத் தண்ணீர்ப் பாட்டையே நடுவில் வைத்து எழுதியது. ஒரு தெரு, ஒரு கோடைக் காலை, வராத லாரி. அதில் நான் கீபோர்டு வாசித்தேன்.

பொழிச்சலூரில் ஒரு மொட்டை மாடியில் ஒத்திகை. விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் எல்லோரும் அப்படியே நின்று, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். முக்கியப் பாத்திரம் தீபாவுக்கு. ஒத்திகை நடந்த தெருவிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். கணீரென்ற குரல். குடத்தில் உண்மையாகவே தண்ணீர் இருக்க வேண்டும் என்று யூனிஸ் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். ஆனால் நிரம்பிய குடத்தோடு தீபாவின் 'ஓ' ஒவ்வொரு முறையும் ஆறிலோ ஏழிலோ அறுந்தது.

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இயக்குநர் பிரசன்னா யூனிஸைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாக என்றாலும் மாடி சின்னது.

"அக்கா, அந்த ரோலை நீங்களே பண்ணிடுங்க. ஜனங்க அந்த நோட்டைக் கேக்கத்தான் வராங்க."

யூனிஸ் உடனே மறுக்கவில்லை. அந்தப் பாட்டை வேறொருவருக்குக் கொடுத்தது அவரை உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தீபா குடத்தை டங்கென்று கீழே வைத்தார்.

"இன்னாக்கா, காதுல வுழுது. நீ கிட்டார மாட்டிகினு நின்ன எடத்துல பாடுற. எனக்கு இடுப்புல இது கீது. வவுத்த அமுக்குது. காத்து எங்கேர்ந்து வரும்? நீ ஒரு தபா தூக்கிகினு பாடு, பாக்கலாம்."

"பாடறேன்" என்றார் யூனிஸ்.

குடத்தை இடுப்பில் ஏற்றி நடந்தபடி பாடினார். 'ஓ' ஐந்தில் நின்றது. தண்ணீர் சுடிதாரில் பாதியும் பிரசன்னாவின் செருப்பில் மீதியுமாகக் கொட்டியது.

"அஞ்சு!" என்று தீபா கை தட்டினார். "நான் ஏழுக்கா!"

முதலில் சிரித்தது யூனிஸ்தான். தண்ணீர் சுமக்கிறவளின் பாட்டைக் கையை வீசிக்கொண்டு எழுதியிருந்தார். அது இத்தனை வருடத்தில் அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு தீபாவின் தெருவுக்குப் போனார். தீபா நிரம்பிய குடத்தோடு தெருமுனையிலிருந்து வீடு வரை நடக்க, இவர் பின்னால் அடியை எண்ணிக்கொண்டே வந்தார்.

"இன்னாக்கா பேஜாரு! தெருவே பாக்குது."

"நீ நட தீபா. எப்ப மூச்சு விடறேன்னு பாக்கறேன்."

ஆறு அடிக்கு ஒரு முறை தீபா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்வதும், அப்போது மூச்சு விடுவதும் தெரிந்தது. யூனிஸ் அந்த 'ஓ'வை மூன்றாக வெட்டினார். வெட்டிய இடங்களில் வெறும் இடைவெளி. எனக்கும் அங்கே வாசிக்க எதுவும் இல்லை. "பேர் வாங்கிக் குடுத்ததையே வெட்டிட்டீங்களே அக்கா" என்று பிரசன்னா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

தாம்பரத்தில் ஒரு பள்ளி அரங்கில் இரண்டு நாள் நாடகம். முதல் நாள், தீபா குடத்தோடு நடந்து வந்து 'ஓ' என்று தொடங்கி, ஆறாவது அடியில் குடத்தை ஏற்றிக்கொண்டு மூச்சுக்கு நின்றார். ஆனால் 'ஓ' நிற்கவில்லை. பழைய பாட்டைப் போனில் கேட்டுப் பழகியிருந்தவர்கள் இருக்கைகளிலிருந்து அதை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். தீபா ஒரு கணம் மிரண்டு, பிறகு அதன் மேலேயே அடுத்த துண்டைப் பிடித்தார். திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த யூனிஸ் பாடவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லி வெச்சியாக்கா?" என்றார் தீபா, வெளியே வந்ததும்.

"சத்தியமா இல்ல."

பிரசன்னாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதை ஸ்கிரிப்ட்லயே போட்டுடலாம். நாளைக்கு ஆரம்பிக்கும்போதே ஆடியன்ஸ்கிட்ட சொல்லிடறேன், எங்கே பாடணும்னு."

"ஒண்ணும் சொல்லாத பிரசன்னா" என்றார் யூனிஸ். "தோணினா பாடட்டும். இல்லேன்னா தீபா மூச்சு விடட்டும். அந்த எடம் அதுக்குத்தானே."