அத்தை அழகு என்று சொன்ன திரை

மாமியார் வீட்டில் எனக்குப் பேச்சு வராது. அத்தை ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் எங்கள் பத்து காவான் வீட்டிலிருந்து கடல்பாலம் தாண்டித் தீவுக்குப் போவோம். சாப்பிட்டதும் அம்மாவும் மகளும் கதை பேசுவார்கள். நான் அத்தையின் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். மருமகன் ஏதோ உருப்படியாகச் செய்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது நான் கொடுத்த பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் திரையின் தோற்றத்தை இஷ்டப்படி மாற்றலாம். கீழே இருக்கும் பட்டியை மேலே ஏற்றலாம், பிடிக்காவிட்டால் டெஸ்க்டாப்பையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். சிலருக்கு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு இது. என் கணினியில் மாற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் அத்தையுடையதில் கை வைத்தேன்.

அத்தைக்கு அந்த லேப்டாப்பில் ஒரே வேலைதான். பெர்த்தில் இருக்கும் என் கொழுந்தியாளையும் அவள் கைக்குழந்தையையும் வீடியோவில் பார்ப்பது. அதற்கான படத்தை ஒரு தடவை சொடுக்கினால் குழந்தை வந்துவிடும். போன் திரை அவர் கண்ணுக்குப் போதாது. பேத்தியை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறை மாற்றியதும் கூப்பிட்டுக் காட்டுவேன். "ரொம்ப அழகா இருக்கு மாப்ள" என்பார். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. நான் வாங்கிப்போன மீன் நாறினாலும் "நல்ல மீனு" என்று சொல்லிக் கூடுதலாகப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பவர் அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் லேப்டாப் விஷயத்தில் மட்டும் அவர் பாராட்டை அப்படியே நம்பினேன்.

போன மாதம் எனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது. டெஸ்க்டாப்பே வேண்டாமென்று வெறும் விண்டோ மேனேஜர் ஒன்றைப் போட்டுவிட்டேன். அதில் பட்டி இல்லை, சொடுக்கப் படங்கள் இல்லை, ஜன்னலை மூடப் பொத்தான்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு தடவை அழுத்திக் காட்டினேன். வெறும் கரும்பச்சைத் திரையை அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு லா மாப்ள" என்றார். நான் பூரித்துப்போனேன். இனி மாற்ற ஒன்றுமில்லை என்று அடுத்த ஞாயிறுகளில் அதைத் திறக்கவுமில்லை.

பிறகு ஒருநாள் வேலையாகத் தீவுப் பக்கம் வந்தவன், மனைவி கொடுத்தனுப்பிய மருந்தைத் தரப் போனேன். அத்தை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்க, உள்ளே அவர் குரல் கேட்டது. அந்த வீட்டு அக்காவின் கணினிக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அத்தை உட்கார்ந்திருந்தார். திரையில் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், குழந்தைக்குக் கைகூடக் காட்டாமல் அத்தை எழுந்துவிட்டார்.

"சும்மா பேசிட்டிருக்கலாம்னு வந்தேன் மாப்ள" என்றவர், வீட்டைத் திறக்கச் சாவியோடு முன்னால் போனார்.

அக்கா என்னைத் தடுத்து நிறுத்தினார். "தம்பி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. லேப்டாப்ப அவங்க எதையோ அமுக்கிக் கெடுத்து ரோசாக் ஆக்கிட்டாங்களாம். மாப்ளைக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னு மறைக்கிறாங்க. இங்க வரவும் கூச்சம். வாரத்துல ஒரு வாட்டிதான் வராங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கெடுத்தவன் நான். வெட்கப்பட்டு ஒளிந்து திரிந்தவர் அவர்.

வீட்டுக்குள் போய் லேப்டாப்பைக் கேட்டேன். அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னத்தையோ அமுக்கிட்டேன் போல. படமெல்லாம் காணாமப் போச்சு."

"நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை. நான்தான் எல்லாத்தையும் எடுத்தேன்."

"நல்லதுக்குத்தானே எடுத்திருப்பீங்க" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. தலையை நிமிர்த்தாமல் பழைய டெஸ்க்டாப்பைத் திரும்பப் போட்டேன். படங்களை அடுக்கும் நேரம் வந்தபோதுதான், இத்தனை மாதங்களில் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது உறைத்தது.

"எது எங்க இருக்கணும், நீங்களே சொல்லுங்க அத்தை."

"உங்க இஷ்டம் மாப்ள."

பழக்கதோஷத்தில் என் கை மவுஸ் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த முறை அவர் சொல்லும்வரை தொடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அத்தை சமையலறைப் பக்கம் பார்த்தார், காபி போடட்டுமா என்று கேட்டார். நான் அசையவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல், விரலைத் திரையின் இடது ஓரத்தில், கீழ் மூலையில் மெதுவாக வைத்தார்.

"பாப்பா இங்கதான் இருந்தா."