முடிச்சுகளை எண்ணியவள்

என் பிறந்தநாளை அடுத்து வரும் ஞாயிறன்று, சாட்சி சொல்லும் நேரத்தில், பெரியம்மா என்னைப் பிடித்து இழுத்துச் சபைக்கு முன்னால் நிறுத்துவாள். "போன பிள்ளைக்குப் பதிலா ஆண்டவர் திரும்பத் தந்த பிள்ளை" என்பாள். சபை ஸ்தோத்திரம் சொல்லும். அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். இருபத்திரண்டு வருஷமும் இப்படித்தான்.

போன பிள்ளை என் அண்ணன்.

பெரியம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். இறந்தவர்களின் விரிப்புகளை மட்டும் தனியாக, இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். குணமாகி வீட்டுக்குப் போனவர்களின் விரிப்புகளுக்கு அடையாளம் கிடையாது. பொதுக் குவியலோடு வரும். அதனால் அவள் எண்ணியதெல்லாம் முடிச்சுகளைத்தான். குழந்தைகள் வார்டு மூட்டைகள் சின்னதாக இருக்கும்.

இரண்டு வயது அண்ணனுக்கு நான்காம் நாளும் காய்ச்சல் விடவில்லை. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பெரியம்மா வாசலை மறித்தாள்.

"அந்த வார்டுக்கா? தினம் முடிச்சு அவுக்கிறவ நான். அங்க போன பிள்ளைங்க துணியாத்தான் திரும்பி வருது. உட்காரு, ஜெபிப்போம்."

அக்கா சொல்லை அம்மா தட்டியதில்லை. உட்கார்ந்தாள். மறுநாள் மதியம் அவன் மூச்சு நின்றுவிட்டது.

"ஆண்டவர் திரும்பத் தருவார்" என்று பெரியம்மா அன்றே சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் நான் பிறந்தேன். "பையனை எடுத்துட்டுப் பொண்ணை அனுப்பியிருக்காரு. மேல ஏதோ சீட்டு மாறிப்போச்சு" என்று மாமா சிரித்தாராம். பெரியம்மா சிரிக்கவில்லை. அவள் மனசு நிஜமாகவே ஆறியிருந்தது. வீட்டிலேயே முதல் பட்டத்தை நான் வாங்கியபோது அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குள் எழும் கேள்வி படித்ததால் வந்த திமிரா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவர் திரும்பத் தருவார் என்று நானும் நம்புகிறேன். அவர் தந்துவிட்டால், நாம் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

போன மாதம் பெரியம்மா அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மாதான் துடைத்துவிட்டாள், ஊட்டினாள். ஒரு மாலை ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அவன் விஷயத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"அதான் திரும்பத் தந்துட்டாரே. இதோ நிக்குதே."

"இது வேற, அவன் வேற. அவர் தந்தாரு, சரி. நீ என்ன தந்த?"

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "வாயெல்லாம் கசக்குது. தண்ணி குடு."

அம்மா கொடுத்தாள். அடுத்த நாள் முழுக்கக் கட்டிலோரமே உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பெரியம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றவில்லை. "நீ படிச்சவதானே," என்றாள். "இனிமே அந்த ஒரு வார்த்தையை யார்கிட்ட கேக்கறது?"