பத்தியில் இல்லாத பதில்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியடில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். பிள்ளைகளின் வயிறு நிறையத் தயிர்சாதம். தலைக்கு மேலே சூடான காற்றையே சுற்றித் தள்ளும் மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே முடிச்சூர் சாலையின் ஓயாத ஹாரன் சத்தம். அந்த நேரத்தில் தமிழ் மிஸ்ஸான எனக்குக் கொடுத்திருந்த வேலை, ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுத வைப்பது.

எங்கள் பள்ளியில் அதற்கென்று ஒரு வழி இருந்தது. மிஸ் பத்தியை ஒருமுறை வாசிப்பார். பிறகு, "முதல் கேள்விக்கு ஆன்சர், 'ஏனெனில்'ல இருந்து முற்றுப்புள்ளி வரைக்கும். பென்சிலால அடைப்பு போட்டுக்கோங்க" என்பார். பிள்ளைகள் அடைப்பு போடுவார்கள். அதற்குள் இருப்பதை வீட்டில் உருப்போட்டுப் பரீட்சையில் கொட்டுவார்கள். கேள்வி என்ன கேட்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, மதிப்பெண் வந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வகுப்பில் நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன்.

நான் வந்ததும் முதல் வேலையாக, "பென்சிலைப் பைக்குள்ள வைங்க" என்றேன். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ஒரு பையன் அழுதே விட்டான். பென்சில் இல்லாமல் எப்படிப் படிப்பது என்று அவனுக்குப் பயம்.

பத்து நாள் எதுவும் நடக்கவில்லை. நான் கேள்வி கேட்பேன், அவர்கள் என் வாயையே பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள் மழையைப் பற்றிய பத்தி வந்தது. மழை கொட்டுகிறது. ஒரு பையன் வாசலுக்கு ஓடுகிறான். தெருவெல்லாம் தண்ணீர். காகிதக் கப்பல் செய்து விடுகிறான். அவன் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை, ஏனெனில் மழை எல்லோருக்கும் இன்பம் தருவது. கேள்வி: பையன் ஏன் மகிழ்ந்தான்?

சுவரோரம் உட்காரும் ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், கையைத் தூக்கினாள்.

"மிஸ், அவன் வூடு மாடியா?"

வகுப்பு சிரித்தது. "ஏன் கேக்குற?" என்றேன்.

"தெரு ஃபுல்லா தண்ணின்னு போட்டுக்கீது. கீழ் வூடுன்னா உள்ள வந்துடும்ல? அவங்கம்மா சாமான்லாம் கட்டில் மேல ஏத்திகினு இருப்பாங்க. அவனைப் போய் கப்பல் வுட வுடுவாங்களா?"

சிரிப்பு நின்றது. அவள் ஆற்றை ஒட்டிய தெருவில் குடியிருப்பவள். பெருமழை வந்தால் முதலில் தண்ணீர் புகும் தெரு அது.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. செய்ய விடவில்லை அவர்கள். சிட்லபாக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "ஏரி ரொம்பினா எங்க தெருவுல பாம்பு வரும் மிஸ், இவன் எப்படித் தண்ணில இறங்குனான்?" என்றான். இன்னொருத்தி, "கரென்ட் போச்சுன்னு எழுதலையே, அப்ப சின்ன மழைதான்" என்றாள். பென்சிலுக்கு அழுத அதே பையன் பத்தியை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டு, "'வாசலுக்கு ஓடினான்'னுதான் இருக்கு. மாடின்னா 'இறங்கி ஓடினான்'னு போடணும்" என்று கத்தினான். யாரும் சொல்லாமலே எல்லோரும் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த வெக்கையில்.

கதவு திறந்தது. கோஆர்டினேட்டர் நின்றிருந்தார்.

"என்ன மேடம், மார்க்கெட் மாதிரி சத்தம்? ஆன்சர்ஸ் மார்க் பண்ணியாச்சா?"

"படிச்சிட்டிருக்காங்க மேடம்."

"படிக்கிற சத்தமா இது? போர்ஷன் முடிக்கணும். டிஸ்கஷன் எல்லாம் டெஸ்ட்ல வராது."

எல்லோரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நொடியில். இத்தனை சுலபமாக ஒரு வகுப்பை அணைத்துவிட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

டெஸ்டில் அதே கேள்வி வந்தது. விடைத்தாளை வேறு பிரிவு ஆசிரியைதான் திருத்த வேண்டும் என்பது பள்ளி விதி. அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "அவன் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அதனால் மகிழ்ந்தான்." அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், "பத்தியில் இல்லை."

தாளை எடுத்துக்கொண்டு கோஆர்டினேட்டர் அறைக்குப் போனேன். படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா ஆன்சர் கீ-ல இல்லையே மேடம்."

"பதில் பத்தியில இல்ல, பத்தியைப் படிச்ச பிள்ளை தலைக்குள்ள இருக்கு. அதைத்தானே சொல்லிக் குடுக்கச் சொல்றீங்க?"

"ஒருத்திக்குப் போட்டா எல்லா பேரன்ட்ஸும் வந்து நிப்பாங்க. அதுவும் இல்லாம அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தான் மேடம், ஏதாவது எழுதி வைக்கும்."

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். "அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத்தான் மேடம் இந்தப் பத்தியே புரிஞ்சிருக்கு. எழுதினவருக்குக்கூடப் புரியல" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, ஆபீஸ் பையன் எட்டிப் பார்த்தான். சிவப்புக் குறியை அடித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். ரிப்போர்ட் கார்டில், அதற்குப் பூஜ்யம் போட்ட பழைய மொத்தமே ஏறியது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தார். படப்பையைத் தாண்டி ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் வாய் திறப்பதற்குள், "மன்னிச்சுக்குங்க மிஸ், புக்ல இருக்கிறத எழுதாம இன்னான்னாவோ எழுதிகினு வருது. வூட்ல நல்லா குடுத்துட்டேன்" என்றார்.

இதற்காக அடித்திருக்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தாளை எடுத்து அந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

"வெள்ளம் வந்தப்ப கேஸ் அடுப்பைத் தலை மேல வெச்சிக்கினு, இவள இடுப்புல தூக்கிகினு வெளிய வந்தோம் மிஸ். ஞாபகம் வெச்சினுகீது பாருங்க." தாளைக் காட்டி, "இத எழுதினா மார்க்கு போடுவாங்களா?" என்றார்.

"நான் போடுவேன்."

"நீங்க போடுவீங்க. அடுத்த வருசம் வர்ற மிஸ்ஸு?"

அந்த அம்மா சண்டை போடவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆண்டுத் தேர்வில் ஒரு ரயில் பயணக் கதை வந்தது. கோஆர்டினேட்டரே தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "பாருங்க மேடம், என்னமா இம்ப்ரூவ் ஆயிட்டா!" எல்லாக் கேள்விக்கும் பத்தியின் வரிகள், ஒரு எழுத்து பிசகாமல், முத்து முத்தான கையெழுத்தில். முழு மதிப்பெண்.

மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். "நல்லா எழுதியிருக்க. அந்தக் கதை உனக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டேன்.

"எந்தக் கதை மிஸ்?" என்றாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்கு நாலாம் வகுப்புதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு கொடுத்துவிட்டார்கள். அங்கே எல்லோரும் அடைப்பு போடுவதற்கு ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். வந்த முதல் நாளே அதைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன்.